‘பொண்ணு மாதிரி’ என்று சொல்லி ராஜினாமா கேட்கிறார்கள்

வாசகி கேள்வி: வணக்கம் மேடம். பாரிமுனையில், சரக்குகளுக்குக் கஸ்டம்ஸ் வேலை முடித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் டாக்குமென்டேஷன் பார்க்கிறேன். ஆறு வருடம் முடிந்துவிட்டது. சம்பளம் 34,000, அதில் பேசிக் 20,000. மொத்தம் 38 பேர் வேலை செய்கிறோம். எனக்கு இது ஐந்தாவது மாதம், முதல் குழந்தை. ஆகஸ்ட் கடைசியில் டாக்டர் தேதி கொடுத்திருக்கிறார். விஷயத்தைச் சொன்ன அடுத்த வாரமே நான் பார்த்துக்கொண்டிருந்த மூன்று பெரிய பார்ட்டிகளை (வாடிக்கையாளர்களை) எடுத்து, போன வருடம் சேர்ந்த பையனிடம் கொடுத்துவிட்டார்கள். ஏப்ரல் இன்க்ரிமென்ட் லிஸ்ட்டில் என் பெயர் இல்லை. முதலாளி கூப்பிட்டு, “நீ என் பொண்ணு மாதிரிம்மா, இந்த நேரத்துல பஸ்ல இடிபட்டு வர வேணாம், பேப்பர் போட்டுட்டு நிம்மதியா இரு, குழந்தைக்கு ஒரு வயசு ஆனதும் வா, சீட் உனக்குத்தான்” என்கிறார். அக்கவுண்ட்ஸ் மேடம் கடிதத்தை டைப் செய்தே கொண்டுவந்துவிட்டார். ‘சொந்தக் காரணங்களால் விலகுகிறேன்’ என்று இருக்கிறது, தேதி இல்லை. வீட்டில் மாமியாரும் “நல்ல மனுஷன், சொல்றதைக் கேளு” என்கிறார். இதே ஆபீஸில் ஃபைலிங் பார்க்கும் பெண்ணுக்குப் போன வருடம் ஒரு பேச்சும் இல்லாமல் லீவு கொடுத்தார்கள். எனக்கு மட்டும் ஏன் இப்படி? நான் கேட்டால் சண்டைக்காரி என்று பெயர் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. ஆனியில் வளைகாப்பு, ஆபீஸில் இருப்பவர்களைக் கூப்பிடலாமா என்றுகூடத் தெரியவில்லை.

— பெயர் வேண்டாம், வண்ணாரப்பேட்டை

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். இதற்குக் கீழே எழுதியிருப்பதை நாளைக்குக்கூடப் படித்துக்கொள்ளலாம், இதை மட்டும் இன்றே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு மேடம் மறுபடி மேஜைக்கு வந்து நின்றால், “வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்றேன் மேடம்” என்று சொல்லி அந்தக் காகிதத்தை வாங்கி பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிடுங்கள். கிழிக்க வேண்டாம், திருப்பிக் கொடுக்கவும் வேண்டாம். அவர்கள் டைப் செய்து கொடுத்த கடிதம் உங்கள் கையில் இருப்பது நல்லது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சட்டம் உங்களுக்குக் கொடுக்கும் பாதுகாப்பு முழுவதும் முதலாளி செய்யும் காரியங்களுக்கு எதிரானது. மகப்பேறு விடுப்பில் இருக்கும் பெண்ணை வேலையை விட்டு நிறுத்தக் கூடாது, நோட்டீஸ் கொடுக்கக் கூடாது, அவள் இல்லாத நேரத்தில் வேலை நிபந்தனைகளை அவளுக்குப் பாதகமாக மாற்றக் கூடாது. கர்ப்ப காலத்தில் வேலையை விட்டு அனுப்பினாலும்கூட அவளுக்குச் சேர வேண்டிய மகப்பேறுப் பணம் போய்விடாது, பெரிய ஒழுங்கீனம் என்று எழுத்தில் காரணம் காட்டினால்தான் விதிவிலக்கு. இதெல்லாம் 1961ஆம் வருடத்து மகப்பேறு நலச் சட்டத்திலிருந்தே இருக்கிறது. ஆனால் நீங்களாகவே விலகினால்? முதலாளி ஒன்றும் செய்யவில்லை, நீங்கள் போய்விட்டீர்கள். ‘சொந்தக் காரணங்களால்’ என்ற வரி ஒன்று போதும், இத்தனை பாதுகாப்பும் கழன்று விழுந்துவிடும். டைப் அடிக்கும்போதே அந்த வரியைச் சேர்த்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

பல வருடத்துக்கு முன்னால் என்னிடம் ஒரு பெண் வந்தார், ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருந்தவர். அவரிடமும் இப்படித்தான் கடிதம் வாங்கினார்கள், தேதியை அப்புறம் அவர்களே போட்டுக்கொண்டார்கள். கட்டாயப்படுத்தி வாங்கிய ராஜினாமா செல்லாது என்பது உண்மைதான், ஒப்பந்தச் சட்டமே அதைச் சொல்கிறது. ஆனால் கட்டாயம் இருந்தது என்று காட்ட வேண்டிய பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. குறுக்கு விசாரணையில் அந்தப் பக்கத்து வக்கீல் ஒரே கேள்விதான் கேட்டார்: “இது உங்க கையெழுத்துதானே?” ஆமாம் என்பதைத் தவிர அந்தப் பெண்ணால் வேறென்ன சொல்ல முடியும்? யாரும் அவர் கையைப் பிடித்து முறுக்கவில்லை. அன்பாகத்தான் பேசியிருந்தார்கள். கடைசியில் ஒரு தொகைக்குச் சமரசம் செய்துகொண்டு போனார், வேலை திரும்பக் கிடைக்கவே இல்லை. அந்த வழக்குக்குப் பிறகு, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் யாராவது கேட்டு எழுதினால் எனக்குப் பெரிய நிம்மதி. நீங்கள் கேட்டுவிட்டீர்கள்.

சரி, ‘எனக்கு மட்டும் ஏன்’ என்ற கேள்விக்கு வருகிறேன். உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான், நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஃபைலிங் பார்க்கும் பெண்ணின் சம்பளம் 21,000க்கு உள்ளே இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் அவர் ஈஎஸ்ஐயில், அதாவது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீட்டில், இருக்கிறார். அவருடைய 26 வார விடுப்புக்கான பணத்தை ஈஎஸ்ஐ கொடுத்துவிடும், உங்கள் முதலாளி கையிலிருந்து அதற்குத் தனியாக ஒரு ரூபாய் போகாது, மாதா மாதம் கட்டும் சந்தாவோடு சரி. அதனால்தான் பேச்சே இல்லாமல் லீவு கிடைத்தது. மொத்தச் சம்பளத்தைப் பார்த்தால் நீங்கள் அந்த வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். உங்களுக்கு அந்த 26 வாரச் சம்பளத்தை முதலாளியே கொடுக்க வேண்டும், முழுச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட இரண்டு லட்சம் ரூபாய். பஸ்ஸில் இடிபட வேண்டாம் என்ற அக்கறைக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. ஃபைலிங் பெண்ணும் பஸ்ஸில்தானே வந்தார், அவரிடம் ஏன் யாரும் பேப்பர் போடச் சொல்லவில்லை?

முதலாளி கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. 38 பேர் வைத்துத் தொழில் நடத்துகிறவருக்கு இரண்டு லட்சம் பெரிய பணம்தான். முழுச் சுமையையும் ஒரு நிறுவனத்தின் தலையிலேயே வைக்கும் ஏற்பாட்டில் கோளாறு இருக்கிறது, கல்யாண வயதில் இருக்கும் பெண்களை வேலைக்கு எடுக்கவே சில இடங்களில் யோசிக்கிறார்கள் என்றால் இதுவும் ஒரு காரணம். அதைச் சரிசெய்ய வேண்டியது அரசாங்கம். ஐந்து மாத வயிற்றோடு இருக்கும் நீங்கள் உங்கள் உரிமையை விட்டுக்கொடுத்து அதை ஈடுகட்ட முடியாது, ஈடுகட்டவும் கூடாது.

‘விட்டுட்டு அப்புறம் வா’ என்பதில் இன்னொரு நஷ்டமும் இருக்கிறது, அதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். ஐந்து வருடம் தாண்டிவிட்டதால் உங்களுக்குக் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, உரிமை வந்துவிட்டது. பேசிக் 20,000 என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு வருடத்துக்கும் அதில் 26ல் 15 பங்கு, ஆறு வருடத்துக்குச் சுமார் 69,000 ரூபாய். விலகினால் அதை அவர்கள் கொடுத்தாக வேண்டும், அந்தப் பேச்சையே அவர் எடுக்கவில்லை. மறுபடி சேர்ந்தாலோ புது ஆளாகத்தான் சேருவீர்கள், கிராஜுவிட்டிக்கு இன்னொரு ஐந்து வருடம் ஓட வேண்டும். சம்பளமும் அன்றைக்கு அவர் சொல்வதுதான். ‘சீட் உனக்குத்தான்’ என்பது வாய்வார்த்தை, எழுதிக் கொடுங்கள் சார் என்று கேட்டுப் பாருங்கள், முகம் மாறிவிடும்.

உங்களுக்கு என்னென்ன உரிமை என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் இடம் என்பதால் சட்டம் உங்கள் ஆபீஸுக்குப் பொருந்தும். பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும், நீங்கள் ஆறு வருடமாகச் செய்கிறீர்கள். 2017ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், அதில் பிரசவத்துக்கு முன்னால் அதிகபட்சம் 8 வாரம் எடுக்கலாம். பிரசவத்துக்கு முந்தைய பகுதிக்கான பணத்தை மருத்துவச் சான்று கொடுத்ததும் முன்கூட்டியே கொடுக்க வேண்டும், மீதியைக் குழந்தை பிறந்ததற்கான சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள். திரும்பி வந்த பிறகு குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான இடைவேளை போக, பாலூட்ட ஒரு நாளைக்கு இரண்டு இடைவேளை உண்டு. குழந்தைகள் காப்பகம் 50 பேர் இருக்கும் இடத்துக்குத்தான் கட்டாயம், உங்கள் ஆபீஸுக்கு வராது.

“அந்தப் பழைய சட்டமே இப்போ இல்லம்மா, எல்லாம் மாறிடுச்சு” என்று ஆடிட்டரை விட்டுச் சொல்ல வைப்பார்கள், தயாராக இருங்கள். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன, 1961 சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது, அவ்வளவும் உண்மை. ஆனால் 26 வாரம், வேலைப் பாதுகாப்பு, பாலூட்டும் இடைவேளை எல்லாமே அதற்குள் அப்படியே போயிருக்கின்றன. எதுவும் காணாமல் போகவில்லை.

இப்போது செய்ய வேண்டிய காரியம். இதுவரை நடந்தது எல்லாமே வாயால் நடந்திருக்கிறது. அவர் அறைக்குள் கூப்பிட்டுச் சொன்னது, மேடம் மேஜையில் வந்து சொன்னது, பார்ட்டிகளை மாற்றியதுகூட “இனிமே அவன் பார்த்துப்பான்” என்று ஒரு வார்த்தையில்தான் நடந்திருக்கும். இப்படியே விட்டால் நாளைக்கு “நாங்க அப்படிச் சொல்லவே இல்லையே” என்று முடித்துவிடுவார்கள். அதனால் நீங்கள் அதை எழுத்துக்குக் கொண்டுவர வேண்டும், மரியாதையாக, ஒரு கடுமையான வார்த்தைகூட இல்லாமல். ஆபீஸ் மெயிலிலிருந்து முதலாளிக்கு, உங்கள் சொந்த மெயிலுக்கும் ஒரு பிரதி போகிற மாதிரி. ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, தமிழிலேயே எழுதலாம். கிட்டத்தட்ட இப்படி:

“மதிப்புக்குரிய ஐயா, நான் கருவுற்றிருப்பதை இன்ன தேதியில் உங்களிடம் நேரில் தெரிவித்தேன். மருத்துவர் குறித்துள்ள பிரசவத் தேதிக்கான சான்றை இணைத்துள்ளேன். இன்ன தேதியிலிருந்து 26 வாரம் மகப்பேறு விடுப்பு எடுத்துக்கொண்டு, முடிந்ததும் பணிக்குத் திரும்புவேன். இன்ன தேதியில் பேசியபோது, என் சிரமத்தைக் கருதி ராஜினாமா செய்யும்படி சொன்னீர்கள், அதற்கான கடிதமும் எனக்குத் தரப்பட்டது. உங்கள் அக்கறைக்கு நன்றி. எனக்குப் பணியிலிருந்து விலகும் எண்ணம் இல்லை. இன்ன தேதியில் என்னிடமிருந்த மூன்று வாடிக்கையாளர்களின் பணி வேறொருவருக்கு மாற்றப்பட்டது. இந்த ஆண்டு ஊதிய உயர்வும் எனக்கு வரவில்லை. இவற்றுக்கான காரணத்தைத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.”

அவ்வளவுதான். ‘பாகுபாடு’, ‘வழக்கு’, ‘லேபர் ஆபீஸ்’ என்ற வார்த்தைகள் இந்த முதல் மெயிலில் வேண்டாம். அவருக்குக் கௌரவமாகப் பின்வாங்க ஒரு வழி இருக்கட்டும், இந்த மாதிரி மெயிலிலேயே பாதிப் பேர் இறங்கி வந்துவிடுகிறார்கள் என்பதை என் அனுபவத்தில் பார்த்திருக்கிறேன், அவர்களும் யாராவது ஒரு வக்கீலிடம் கேட்பார்கள், அவர் சொல்லிவிடுவார். ‘விலகும் எண்ணம் இல்லை’ என்ற வரிதான் இதில் உயிர். அந்த வரி ஒரு தேதியோடு அவர்கள் மெயில் பெட்டியில் போய் உட்கார்ந்துவிட்டால், அதற்குப் பிறகு திடீரென்று உங்கள் பெயரில் ஒரு ராஜினாமா முளைப்பது கஷ்டம். பதில் வரவில்லை என்றால் பத்து நாள் கழித்து இதையே ஸ்பீட் போஸ்ட்டில், போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையோடு அனுப்புங்கள். பதில் இல்லாவிட்டாலும் கவலை இல்லை, எழுதிக் கேட்டும் மௌனமாக இருந்தார்கள் என்பதே பின்னால் நமக்கு உதவும்.

ஆதாரம் சேர்ப்பதில் ஒரு எச்சரிக்கை. நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், முந்தைய வருடங்களின் இன்க்ரிமென்ட் கடிதங்கள், பார்ட்டிகள் உங்களைப் பாராட்டி அனுப்பிய செய்திகள் என்று உங்களைப் பற்றிய காகிதங்களை எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் கோபத்தில் பில் ஆஃப் என்ட்ரி மாதிரியான கஸ்டம்ஸ் காகிதங்கள், இன்வாய்ஸ், வாடிக்கையாளர் லிஸ்ட் எதையும் சொந்த மெயிலுக்கு அனுப்பிவிடாதீர்கள். “கம்பெனி டேட்டாவைத் திருடினாள்” என்று வழக்கு அந்தப் பக்கம் திரும்பிவிடும், ஒழுங்கீனம் என்று காட்ட அவர்களுக்கு ஒரு காரணமும் கிடைத்துவிடும், நல்ல வழக்குகள் இதில்தான் கெட்டுப்போகின்றன. வாட்ஸ்அப் செய்தியோ குரல் பதிவோ இருந்தால் அழிக்காதீர்கள், அந்த போனை விற்கவும் வேண்டாம், எக்ஸ்சேஞ்சில் கொடுக்கவும் வேண்டாம். நீதிமன்றத்தில் மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழோடு வர வேண்டும், அசல் கருவி கையில் இருப்பது எப்போதும் நல்லது. இதோடு ஒரு சாதாரண நோட்டில் தேதி, நேரம், யார் என்ன சொன்னார்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று அன்றன்றைக்கே எழுதி வையுங்கள், பேச்சுத் தமிழில், அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே.

பார்ட்டிகளை எடுத்ததும் இன்க்ரிமென்ட் தராததும் கொஞ்சம் கடினமான பகுதி, அதை மறைக்க விரும்பவில்லை. மகப்பேறுச் சட்டம் ‘பாதகமாக மாற்றக் கூடாது’ என்று சொல்வது விடுப்புக் காலத்தை மனதில் வைத்து, நீங்கள் இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். அரசியலமைப்பின் 15, 16ஆம் பிரிவுகளைக் காட்டி ஒரு தனியார் ஏஜென்சியை நேரடியாகக் கேட்க முடியாது, அவை அரசைக் கட்டுப்படுத்துபவை. தனியார் வேலையில் எல்லாவிதப் பாகுபாட்டையும் பிடிக்கிற ஒரு பொதுச் சட்டம் நம் நாட்டில் இன்னும் இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். ஆனால் ஒரே மாதிரி வேலைக்கு ஆண், பெண் என்று பார்த்துச் சம்பளத்தில் வித்தியாசம் காட்டக் கூடாது என்று 1976லிருந்தே சட்டம் இருக்கிறது, இப்போது ஊதியத் தொகுப்புச் சட்டத்திலும் அது இருக்கிறது. கர்ப்பம் என்பதற்காக இன்க்ரிமென்ட்டை நிறுத்தினால் அது பெண் என்பதற்காக நிறுத்தியதுதான், நானாக இருந்தால் அப்படித்தான் வாதாடுவேன். இதில் உங்களுக்குச் சாதகமாக இருப்பது வரிசை: ஐந்து வருடம் தவறாமல் உயர்வு வந்திருந்து, கர்ப்பம் என்று சொன்ன அடுத்த வாரம் பார்ட்டிகள் பறிபோய், அந்த வருடம் மட்டும் உயர்வு நின்றிருந்தால், தேதிகளை வரிசையாக வைத்தாலே பார்க்கிறவருக்குப் புரிந்துவிடும். இரவு பதினொரு மணிக்கு கன்டெய்னர் ஹோல்டில் நிற்கிறது என்று போன் வந்தால் எழுந்து மெயில் போட்ட பார்ட்டிகள் அவை, அவற்றை இழந்தது உங்களுக்கு எவ்வளவு வலிக்கும் என்று தெரிகிறது. அதையும் நோட்டில் எழுதுங்கள்.

மெயிலுக்குப் பிறகும் நெருக்கினால், அல்லது வேலையை விட்டே அனுப்பினால், தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் தொழிலாளர் ஆணையர் அலுவலகம் இருக்கிறது, அங்கே எழுத்துப் புகார் கொடுக்கலாம். நாள் கடத்தாதீர்கள், 1961 சட்டத்தில் மேல்முறையீட்டுக்கு 60 நாள்தான் கொடுத்திருந்தார்கள், அதற்குள் எதையும் செய்துவிடுவது நல்லது. மாநில மகளிர் ஆணையத்துக்கும் ஒரு மனு அனுப்பலாம். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று யோசிக்க வேண்டாம்: பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி தர வேண்டும் என்று 1987ஆம் வருடத்து சட்டப் பணிகள் சட்டம் சொல்கிறது. அதற்கான ஆணைக்குழு அலுவலகம் உயர் நீதிமன்ற வளாகத்தில்தான் இருக்கிறது, பாரிமுனையில் வேலை செய்யும் உங்களுக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் நடந்து போய்விட்டு வரும் தூரம். 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம்.

பெரிய இடத்துப் பெண்களுக்குத்தான் இந்தச் சட்டமெல்லாம் என்று யாராவது சொன்னால், 2000ல் உச்ச நீதிமன்றம் மகப்பேறு விடுப்பு உண்டு என்று தீர்ப்பளித்தது டெல்லி மாநகராட்சியில் மஸ்டர் ரோலில், அதாவது நிரந்தரம் இல்லாத வருகைப் பட்டியலில், தினக்கூலிக்கு வேலை செய்த பெண்களுக்கு என்று சொல்லுங்கள். 2025 மே மாதம் நம் தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர், இரண்டாவது திருமணத்தில் பிறந்த குழந்தைக்கு விடுப்பு மறுத்த அரசையே எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை போய் வாங்கினார். மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமைகளில் சேர்ந்தது என்று அதில் சொன்னார்கள்.

மாமியாரிடம் சண்டை போடாதீர்கள். அவருக்குத் தெரிந்த உலகத்தில் முதலாளி கூப்பிட்டு நல்லபடியாகப் பேசினாலே பெரிய விஷயம். இரண்டு லட்சம், 69,000 என்று அந்தக் கணக்கை அவரிடம் ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள், பிரசவச் செலவை நினைத்துக் கவலைப்படுகிறவருக்கு அது உடனே புரியும். உங்கள் கணவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள், கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, இதை நீங்கள் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை.

சண்டைக்காரி என்று பெயர் வருமா என்றால், ஒரு சிலர் சொல்லலாம். கொஞ்ச நாள் டீ நேரத்தில் பேச்சு குறையும், அந்தப் பையன் கண்ணைப் பார்க்க மாட்டான். அது கஷ்டமாகத்தான் இருக்கும், இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதே ஆபீஸில் உங்களுக்குப் பின்னால் கல்யாணமாகி வரப்போகும் பெண் யாராவது இருப்பார் இல்லையா, அவர் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

வளைகாப்புக்கு எல்லோரையும் கூப்பிடுங்கள். முதலாளியை நேரில் போய், வீட்டுக்காரரோடு, தாம்பூலத் தட்டு வைத்துக் கூப்பிடுங்கள், வாட்ஸ்அப்பிலும் அழைப்பிதழை அனுப்பி வையுங்கள். உங்களுக்கு அவர் மேல் இருக்கும் மரியாதை போகவில்லை என்று அவருக்குத் தெரியட்டும், நீங்கள் கேட்பது உங்களுக்குச் சேர வேண்டியதை மட்டும்தானே. கர்ப்ப விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது என்று பின்னால் யாரும் சொல்ல முடியாது என்பது அந்த அழைப்பிதழால் கிடைக்கும் இன்னொரு பயன். ஆனால் மெயில் வளைகாப்புக்கு முன்னால் போய்விட வேண்டும், இந்த வாரமே.